லாரியில் ஆயில் ஒழுகினால்: பட்டறைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் பக்கம் ஒரு லாரி பட்டறையில் பில் புத்தகம் என் கையில் இருக்கிறது. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் சொந்தமாக ஒரு லாரி ஓட்டினேன். ஏற்றியது பெரும்பாலும் கொள்முதல் நிலையத்து நெல், கோடையில் வேதாரண்யத்து உப்பு. ஓனர்களும் டிரைவர்களும் கேட்கிற சந்தேகங்கள் வருடா வருடம் ஒன்றேதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"வண்டிக்கு அடியில நாலு சொட்டு கெடக்குண்ணே. டீசல் வண்டின்னா ஒழுகத்தானே செய்யும்?"

அப்படி ஒரு விதி இல்லை. பழைய இன்ஜினில் பேக்கிங் (இரண்டு பாகங்களுக்கு நடுவே ஆயில் கசியாமல் வைக்கும் அடைப்பு) ஓரம் கொஞ்சம் ஈரமாக மினுங்கும், அதன்மேல் தூசி படியும். இதை நாங்கள் 'பூத்திருக்கு' என்போம். துடைத்துவிட்டு ஒரு வாரம் கவனித்தால் போதும். தரையில் சொட்டு விழ ஆரம்பித்துவிட்டால் அது வேறு கட்டம்.

ஒரு கணக்குப் போடுங்கள். பத்து வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 360 சொட்டு. சுமார் இருபது சொட்டு ஒரு மில்லி. பத்து மணி நேரத்தில் 180 மில்லி, பத்து நாளில் இரண்டு லிட்டருக்குக் கிட்டே. இன்ஜின் ஓடும்போது ஆயிலுக்கு பிரஷர் உண்டு, சூட்டில் ஆயில் இளகியும் இருக்கும். அதனால் நிற்கும்போது பார்த்ததைவிட ஓடும்போது கூடுதலாகவே போகும்.

"என்ன ஆயில்னே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ராத்திரி நிறுத்தும்போது இன்ஜினிலிருந்து பின் ஆக்ஸில் வரை அடியில் வெள்ளை அட்டையோ பழைய செய்தித்தாளோ விரித்து வையுங்கள். மண் தரையை நம்பாதீர்கள். நம் களிமண்ணில், அதுவும் மழை நேரத்தில், எந்தச் சொட்டும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். காலையில் அட்டையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கறுப்பாக வழவழவென்று இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, மூக்கைச் சுளிக்கவைக்கும் கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஆயில். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங். தண்ணீர் போல மெலிந்து, விரலில் தேய்த்தால் நெடி அடித்தால் டீசல். பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் பிசுபிசுப்பாக இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். புது வண்டிகளில் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி இருந்தால் அது ஆயிலே இல்லை, புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசல் கசிந்து காய்ந்த தடம்.

"எங்கேர்ந்து வருதுன்னு பட்டறைக்கு வராமலே தெரிஞ்சுக்க முடியுமா?"

பாதி தூரம் முடியும். ஆயில் மேலிருந்து கீழே வழியும், வண்டி ஓடும்போது காற்றில் பின்பக்கமாகப் பரவும். சொட்டு விழும் இடம் ஆயிலின் கடைசி இடம். நமக்கு வேண்டியது அது புறப்பட்ட இடம். நனைந்திருக்கும் இடங்களிலேயே எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள். இன்ஜினின் உச்சியில் இருக்கும் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கில் கசிந்த ஆயில் ஹெட்டின் பின்பக்கமாக வழிந்து, கிளட்ச் ஹவுசிங் அடியில் போய்ச் சொட்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அது இன்ஜினின் பின்பக்கத்து சீல் (சுற்றும் ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போனது போலவே இருக்கும்.

நெல் லோடு ஓட்டும் வண்டிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. களத்துத் தூசியும் சுனையும் உமியும் ஆயில் ஈரத்தில் ஒட்டி, விரல் கனத்துக்குப் பாய் மாதிரி படிந்துவிடும். அதைச் சுரண்டாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. முதலில் மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். பிறகு டீசல் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, காற்று அடித்துக் காயவிடுங்கள். காய்ந்த இடத்தில் முகத்துக்குப் போடும் பவுடரை மெலிதாகத் தூவி, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். ஃபேன் பெல்ட் பக்கம் கையையும் துண்டையும் கொண்டுபோகாதீர்கள். டர்போவும் (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) சைலன்ஸரும் நன்றாக ஆறிய பிறகே டீசலைக் கிட்டே கொண்டுபோங்கள். அந்தச் சூட்டில் காய்ந்த சுனையும் டீசலும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

"வாய்க்கால்ல இறக்கிக் கழுவிட்டு வந்துடட்டுமா?"

தயவுசெய்து வேண்டாம். அதே தண்ணீர்தான் கீழே ஒருவர் நாற்றங்காலுக்குப் போகிறது. கழிவு ஆயில் அபாயகரமான கழிவு என்று 2016-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. பட்டறையில் டிரம் வைத்திருக்கிறோம், அங்கே ஊற்றுங்கள்.

"சொட்டு கிளட்ச் ஹவுசிங் கிட்ட வருது. பின் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்ங்கறாங்க. நம்பலாமா?"

பார்க்காமல் சொன்னால் நம்பாதீர்கள். அந்த இடத்தில் ஆயில் வந்து சேர மூன்று வழி இருக்கிறது. ஒன்று, மேலே சொன்ன டேப்பட் கவர், அல்லது டர்போவின் ஆயில் பைப், அல்லது ஆயில் கூலர். இரண்டாவது, இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கின் பின் ஆயில் சீல். மூன்றாவது, கியர்பாக்ஸ் முன் ஷாஃப்ட்டின் சீல். முதல் வகை என்றால் கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம், பல நேரம் அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டையோ மூடியோ இருக்கும். உள்ளே இருந்து வருகிற ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி இருந்தால் கியர்பாக்ஸ் சீல், இல்லாவிட்டால் கிராங்க் சீல். ஹவுசிங் வெளியே மட்டும் நனைந்து உள்ளே காய்ந்திருந்தால் இரண்டுமே இல்லை, மேலே போய்த் தேட வேண்டும். கியர்பாக்ஸை இறக்கும் முன் இந்த மூன்றையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார்.

"சீலு சில நூறு ரூபாதான். கூலி மட்டும் ஏன் ஆயிரக்கணக்குல?"

சீல் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரத்தான் அந்தக் கூலி. பின் சீலுக்கு ஜாயின்ட் ஷாஃப்ட்டைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் செட்டையும் ஃப்ளைவீலையும் எடுத்த பிறகுதான் சீல் கண்ணில் படும். திரும்ப அத்தனையும் ஏற்ற வேண்டும். இரண்டு பேர் வேலை, ஜாக்கி வேலை, முதுகு ஒடிகிற வேலை.

ஆகவே இறக்கியது இறக்கியதுதான் என்று, கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கியர்பாக்ஸ் முன் சீல் எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பிளேட் தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றுவது லாபம். ஆறு மாதம் கழித்து அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டாம். நன்றாக இருக்கிற பிளேட்டையும் மாற்றச் சொன்னால், பழையதைக் கையில் வாங்கி ரிவிட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள், ஆழமாக இருந்தால் பிளேட் இன்னும் தேயவில்லை.

"ஒழுகற இடத்தைப் பார்த்துச் சொல்றதுக்கே காசா?"

ஆமாம், கொடுங்கள். என்னை அதிகம் வருத்துகிற கேள்வி இதுதான். கழுவி, காயவைத்து, பவுடர் போட்டு, ஓட்டிப் பார்த்து இடத்தைச் சொல்ல ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போகிறது. அதற்குக் கூலி இல்லை என்றால் அவர் என்ன செய்வார்? பார்த்தவுடன் ஒன்றைச் சொல்லி, கழற்ற ஆரம்பித்துவிடுவார். கழற்றினால்தானே அவருக்குக் காசு. ஓனர் மிச்சம் பிடித்தது சில நூறு, தேவையில்லாத வேலைக்குக் கொடுத்தது பல ஆயிரம். இந்த மாதிரி பில்லை என் கையாலேயே எழுதியிருக்கிறேன், எழுதும்போது மனசு கேட்பதில்லை.

பார்க்கும் கூலி எவ்வளவு, வேலையை அங்கேயே செய்தால் அதைக் கழித்துக்கொள்வார்களா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

"எஸ்டிமேட் எழுதிக் கேட்டா மூஞ்சியக் காட்டுறாங்க. வாயால சொன்னா போதாதா?"

போதாது. துண்டுச் சீட்டில் எழுதினாலும் சரி, வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. சாமான் தனி, கூலி தனி, ஊற்றும் ஆயில் எத்தனை லிட்டர் என்பது தனி. இதற்குமேல் ஏதாவது வேலை வந்தால் போன் பண்ணிக் கேட்ட பிறகே தொடவேண்டும் என்று ஒரு வரி. கழற்றின சாமானை ஒரு கோணியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். திறந்த பிறகுதான் தெரிகிற வேலையும் உண்டு, அதனால் எஸ்டிமேட் கொஞ்சம் ஏறுவதைத் தப்பென்று சொல்ல முடியாது. கேட்காமல் ஏற்றுவதுதான் தப்பு.

நேரத்தையும் பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை லோடு ஓடும்போது எந்தப் பட்டறையிலும் நிற்க இடம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி சும்மா நிற்கிற நாளில் கொண்டுவந்தால் மெக்கானிக்கும் நிதானமாகப் பார்ப்பார், உங்களுக்கும் லோடு போன நஷ்டம் இல்லை.

"ஆயில் லைட்டு செவப்பா எரிஞ்சுது. மில்லு எட்டு கிலோமீட்டர்தான். மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாமா?"

ஓட்டக் கூடாது. ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். எட்டு கிலோமீட்டர் வேண்டாம், எட்டு நிமிடம்கூட வேண்டாம். அந்த லைட் சொல்வது ஆயில் பிரஷர் போய்விட்டது என்பதை. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஆயில் படலம் அப்போது இல்லை. மெதுவாக ஓட்டினால் தேய்மானம் மெதுவாகும் என்பது இதில் செல்லாது.

என் வண்டியில் இது நடந்தது. வாய்க்கால் கரை வழியாகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கல் பட்டிருக்கிறது. நாற்பது கிலோ சிப்பமாக முழு லோடு ஏற்றித் திரும்பும்போது லைட் எரிந்தது. டிரைவர் தம்பி போன் பண்ணி, "அண்ணே, நிறுத்திடவா?" என்று கேட்டான். மில்லில் இறக்க வரிசை போய்விடுமே என்று, "மெதுவா வந்துடு" என்றேன். அடுத்த அழைப்பில் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. "கட்டிக்கிச்சுண்ணே" என்றான், இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. சம்ப்புக்கு வெல்டிங் வைத்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை, கிராங்க் கிரைண்டிங், பேரிங், லைனர், பிஸ்டன் என்று வளர்ந்து, அந்த சம்பா முழுவதும் வண்டி கட்டையில் நின்றது. அவன் சரியாகத்தான் கேட்டான். தப்பு என் வாயில் இருந்தது.

"ஆயில் கொறையுது, ஆனா கீழ ஒரு சொட்டு இல்லையே?"

முதலில் அளவைச் சரியாகப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை இழுங்கள். கரைச் சரிவில் நிறுத்திப் பார்த்த அளவு அளவே இல்லை. அளவு நிஜமாகவே குறைந்தால் ஆயில் உள்ளே எரிகிறது, சைலன்ஸரில் நீலப் புகை வரும். ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வ் சீல் போயிருக்கலாம், டர்போ சீல் போயிருக்கலாம். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ஹோஸைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். லேசான ஈரம் பரவாயில்லை, ஆயில் தேங்கி நின்றால் டர்போவைக் கவனியுங்கள். அதை விட்டுவைத்தால் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் உறுமும். அப்படி ஆனால் பிரேக்கை அழுத்தி, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டு அமர்த்த வேண்டும்.

ரேடியேட்டரில் ஆயில் மிதந்தாலோ, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தாலோ ஆயில் கூலரோ ஹெட் பேக்கிங்கோ போயிருக்கிறது. ஆயில் குறைவதற்குப் பதில் ஏறினால் இன்னும் கவனம் வேண்டும், டீசல் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம்.

"கெட்டி ஆயில் ஊத்தினா நின்னுடுமாமே? அந்த ஸ்டாப் லீக் மருந்து?"

கசிவு கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும், நிற்காது. மருந்து ரப்பர் சீலை ஊறவைத்து உப்பச் செய்கிறது. காய்ந்து சுருங்கின சீலுக்குச் சில வாரம் தாங்கலாம். கிழிந்த சீலுக்கும் உடைந்த பேக்கிங்குக்கும் பயனில்லை. பிஎஸ் 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டியில் கம்பெனி சொன்ன ரக ஆயிலைத் தவிர எதையும் ஊற்றாதீர்கள், புகை வடிகட்டி அடைத்துக்கொண்டால் செலவு வேறு கணக்கு.

"வீலுக்குள்ளேர்ந்து ஆயில் வழியுது. இந்த லோடு முடிச்சுட்டு பாக்கலாமா?"

வேண்டாம். மற்ற எந்தக் கசிவையும்விட இதற்குத்தான் நான் பயப்படுகிறேன். ஹப் சீல் போனால் ஆக்ஸில் ஆயில் பிரேக் லைனரில் இறங்கும். அந்தச் சக்கரம் மட்டும் பிரேக் பிடிக்காமல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பள்ளி விடும் நேரத்தில் கடைத்தெரு வழியாகப் போகிற வண்டி அது. ஆயில் குடித்த லைனரைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றுங்கள். சூடேறும்போது ஊறின ஆயில் திரும்ப வெளியே வரும்.

"மூணு தடவ சீல் மாத்தியாச்சு. மறுபடி அதே எடத்துல ஒழுகுது. யாரு தப்பு?"

நான்காவது சீல் வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். முதலில் பிரீதர், அதாவது இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழி. அது அடைத்திருந்தால் இன்ஜினுக்குள் காற்று அழுத்தம் ஏறி, எது பலவீனமோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். பிரீதர் சுத்தமாக இருந்தும், ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. அங்கே சீல் மருந்தாகாது. அடுத்தது, சீல் உட்காரும் ஷாஃப்ட்டில் நகம் சிக்குகிற மாதிரி பள்ளம் விழுந்திருக்கிறதா? அப்படியானால் ஸ்லீவ் போட வேண்டும், அல்லது சீலைச் சற்று முன்பின் நகர்த்தி உட்காரவைக்க வேண்டும். கடைசியாக, பேரிங் ஆட்டம். ஷாஃப்ட் ஆடினால் எந்தச் சீலும் நிற்காது.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் ஒழுகினால் பொருத்தியதில் தப்பு, கூலியை மறுபடி கேட்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்றை மெக்கானிக் முன்பே சொல்லி, செலவு அதிகம் என்று நீங்கள் வேண்டாம் என்றிருந்தால், அந்தப் பொறுப்பு உங்களுடையது.

"இன்சூரன்ஸ்ல கெடைக்குமா?"

சீல் தேய்ந்தது, பேக்கிங் பழசானது, உப்பு லோடில் சம்ப் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது, எதற்கும் கிடைக்காது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் மோட்டார் பாலிசியில் சேராது. கல் மோதி சம்ப் உடைந்தால் அது விபத்து. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்திருந்தால் கேட்கலாம். இடத்திலேயே போட்டோ எடுத்து, கழற்றும் முன் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். உடைந்த பிறகும் ஓட்டி இன்ஜின் கட்டிக்கொண்டால், அப்படிக் கூடிய சேதம் ஓனர் தலையில்தான் என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

"ஜிஎஸ்டி பில்லுன்னா கூடுதலா கேக்குறாங்க. சும்மா பில்லு போதுமா?"

வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற சின்னப் பட்டறை ஜிஎஸ்டியில் பதியவேண்டியதில்லை. அவர்கள் வரி போடவும் கூடாது, பதியவில்லை என்பதற்காக அவர்களைத் தப்பாக நினைக்கவும் வேண்டாம். பதிந்த இடத்தில் வழக்கமான பில் என்றால் கூலிக்கு 18 சதவீதம். உதிரி பாகங்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான். இன்னும் 28 என்று போட்டால் கேளுங்கள். பில்லில் சீலின் பெயரும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கட்டும். பணத்தை போன் வழியாக அனுப்பினால் அதுவே சாட்சி.

"பாதிப் பணம்தான் இருக்கு. வண்டிய விட மாட்டேங்கறாங்க. அப்படிப் பிடிச்சு வைக்கலாமா?"

வைக்கலாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 170-ஆவது பிரிவு, பொருளின்மேல் உழைப்பும் திறமையும் போட்டவருக்கு, கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ளும் உரிமை தருகிறது. அதே பிரிவில் ஒரு தையல்காரர் உதாரணமும் உண்டு. தைத்தவுடன் கோட்டு உடையைத் தருகிறேன், கூலிக்கு மூன்று மாதம் கடன் என்று அவர் ஒத்துக்கொண்டிருந்தால் அந்த உடையைப் பிடித்து வைக்க முடியாது. ஆக, தவணை பேசுவதென்றால் வண்டியை விடும்முன்பே பேசி எழுதுங்கள். பழைய லாரிக்கான பாக்கியை வைத்து இப்போது வந்த லாரியை நிறுத்துவதற்கு இந்தப் பிரிவு உதவாது.

"வேலையும் சரியில்ல, பணமும் திருப்பித் தரல. எங்க போறது?"

மாவட்ட நுகர்வோர் ஆணையம். வணிகத்துக்காக வாங்கிய சேவை என்றால் ஏற்க மாட்டார்கள். ஆனால் சொந்தப் பிழைப்புக்காக ஒரே லாரி வைத்துத் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. எஸ்டிமேட் சீட்டு, பில், பழைய சீல், போட்டோ எல்லாம் அங்கேதான் பயன்படும்.

"ஆயில் கம்மியா இருந்துச்சுன்னு ஓனர் என் சம்பளத்துல பிடிக்கிறாரு. இது நியாயமா மாமா?"

இல்லை மாப்ள. சீல் தேய்ந்ததற்கு டிரைவர் என்ன செய்வார்? லைட் எரிந்தும் சொல்லாமல் ஓட்டியிருந்தால் பேச்சு வேறு. அதற்காகவே டிரிப் சீட்டில் ஒரு கோடு கூடப் போட்டுக்கொள்: காலையில் டிப் ஸ்டிக் அளவு, எத்தனை லிட்டர் ஊற்றினாய், எங்கே ஈரம் பார்த்தாய், ஓனரிடம் எத்தனை மணிக்குச் சொன்னாய். வாரக் கடைசியில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள். எழுத இரண்டு நிமிடம் ஆகாது. வண்டி பட்டறைக்கு வரும்போது நான் முதலில் கேட்பதும் அந்தச் சீட்டைத்தான்.